கார்லிஸுக்கு ஷைனர் கோர்க்கத் தெரியாது

டெக்கேட்டர், அலபாமா
மார்ச் 18, 1988

ஓப்பல் அக்காவுக்கு,

மூன்று வருஷமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது எழுதுவது பாசம் பொங்கி வழிந்து அல்ல என்று உனக்கே தெரியும். ஒரு காரியம் ஆகவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹாச்சமி ஏரிப் போட்டியில் நான் ஜெயித்தேன். உன் கடை வாசலிலேயே நடந்த போட்டி, கேள்விப்பட்டிருப்பாய். பன்னிரண்டு பவுண்டு ஒன்பது அவுன்ஸ், ஒரே பாஸ் மீன். போட்டி நாளில் அந்த ஏரியில் அப்படி ஒன்று எடை மேடைக்கு வந்ததே கிடையாது. உயிரோடு கொண்டுவந்து காட்டினேன், உயிரோடு திரும்ப விட்டேன். என் கையால் செதுக்கிய மரமீனைத் தண்ணீரில் ஓட்டிப் பிடித்தது. அந்த மரமீனில் என் பேரைப் பொறித்து நாடு முழுக்கக் கடைகளுக்கு அனுப்ப ஒரு கம்பெனி தயாராக இருக்கிறது. இருபது வருஷம் நான் காத்திருந்தது இதற்குத்தான்.

இரண்டாவதாக வந்தவன் பேட்டன். உனக்குத் தெரிந்த ஆள்தான், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறானே, அவன். அவன் குழுவிடம் போய், கார்லிஸ் டில்லரி உயிர் இரை போட்டான் என்று புகார் கொடுத்துவிட்டான். போட்டியில் பொய் இரை மட்டும்தான் என்பது உனக்கும் தெரியும். படகில் ஷைனர் மாதிரி ஒரு குட்டி இரைமீன் உயிரோடு இருந்தாலே ஆளை வாழ்நாள் முழுக்க ஒதுக்கிவிடுவார்கள். ஜெயித்தவனைப் பொய் கண்டுபிடிக்கும் இயந்திரத்தில் உட்கார வைப்பது வழக்கம். உட்கார்ந்தேன். விரலில் கம்பியைச் சுற்றினார்கள், நெஞ்சில் பட்டை கட்டினார்கள். ஊசி ஒரு நூல் அளவு நகரவில்லை. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் படகுத்துறைக்குப் பக்கத்தில் உன் இரைக்கடை இருப்பதால் உன்னிடமும் ஒரு வாக்குமூலம் வாங்கி வரச் சொல்கிறார்கள்.

நீ எழுதவேண்டியது ஒரே வரி. 'என் தம்பி என்னிடம் ஷைனர் வாங்கவில்லை.' அவ்வளவுதான். குழு ஏப்ரல் 16-ல் கூடுகிறது. ஆதாரம் இல்லாமல் புகார் சொன்னவனுக்கு இரண்டு வருஷம் தடை என்று விதி இருக்கிறது. பேட்டன் அதை நினைத்துக் கொஞ்சம் பொறுமையாக வாயைத் திறந்திருக்கலாம்.

கடை எப்படிப் போகிறது? இன்னமும் அந்த நாற்றம்தானா?

கார்லிஸ்


ஹாச்சமி ஏரி, ஃப்ளாரிடா
மார்ச் 24, 1988

கார்லிஸ்,

நாற்றம் அப்படியே இருக்கிறது. உன் கடிதத்தைப் பிரித்ததும் கொஞ்சம் கூடிவிட்டது.

மூன்று வருஷமாக ஏன் பேசவில்லை என்று உனக்கு மறந்துபோயிருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். ஒரு மீன்பிடி மாத இதழில் பக்கம் பக்கமாக எழுதினாயே. 'உயிர் இரை போடுகிறவனுக்கு மூளை தேவையில்லை, அவனுக்காகக் குட்டி மீனே யோசித்துக்கொள்ளும். வாளிக்குத் தாதி வேலை பார்ப்பதற்குப் பேர் மீன்பிடிப்பு அல்ல.' வாளிக்குத் தாதி. அந்தப் பக்கத்தை யாரோ கிழித்து என் கல்லாவுக்கு மேலே ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒரு மாசம் வாடிக்கையாளர்கள் எல்லாம் என்னை 'நர்சம்மா' என்று கூப்பிட்டார்கள். உன்னை வளர்த்த சோறு அந்த வாளியிலிருந்து வந்தது. அம்மா போன பிறகு உனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் செருப்பு வாங்கியதும் அந்த வாளிதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் உனக்கு ஷைனர் விற்கவில்லை. போட்டி நடந்த சனியும் ஞாயிறும் உன் முகத்தையே நான் பார்க்கவில்லை. ஐந்நூறு மைல் வண்டி ஓட்டி வந்தவனுக்கு, நூறு அடி நடந்து வந்து அக்காவிடம் ஒரு தட்டு கெளுத்தி வறுவல் கேட்க மனசு வரவில்லை.

திங்கட்கிழமை பேட்டன் ஐஸ் வாங்க வந்தான். அவனும் உன்னைப் போலப் பொய் இரைக்காரன்தான், ரப்பர் புழுவை வைத்துக்கொண்டு விஞ்ஞானி மாதிரி பேசுகிற கூட்டம். எனக்கு உங்கள் யாரையும் பிடிக்காது. ஆனால் அவன் கத்தவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"ஓப்பலம்மா, உங்க தம்பிய தப்பா பேசணும்னு எனக்கு ஆசை இல்ல. ஆனா ஆகாயத்தாமரைக்கு அந்தப் பக்கம் நான் இருந்தேன். இருவது நிமிஷம் அவர் கழி அசையவே இல்ல. வீசலை, இழுக்கலை. சும்மா தண்ணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு."

பொய் இரைக்காரன் கை சும்மா இருக்காது. மரக்கட்டைக்கு உயிர் இருப்பதாக மீனை நம்பவைக்க வேண்டும், அதனால் வீசிக்கொண்டே இருப்பான், இழுத்துக்கொண்டே இருப்பான். கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது எங்கள் ஜாதி.

இருபது நிமிஷம் ஏன் அசையவில்லை? அதற்கு எனக்குப் பதில் எழுது. உண்மையைச் சொன்னால் உனக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கிறேன். உண்மையைச் சொல்கிறவனுக்கு இந்த வீட்டில் கதவு திறந்துதான் இருக்கிறது.

ஓப்பல்


டெக்கேட்டர்
மார்ச் 29, 1988

அக்கா,

ஒரு வரி கேட்டேன், நீ ஒரு சமையல்கட்டு முழுக்கக் கொட்டிவிட்டாய். செருப்பு, சோறு, அம்மா. எல்லாவற்றுக்கும் நன்றி. போதுமா?

இருபது நிமிஷம் ஏன் அசையவில்லை என்றால், ரீலில் தூண்டில் நரம்பு சிக்கிக்கொண்டது. பறவைக்கூடு மாதிரி சுருண்டு கிடந்தது. உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தேன். இதைக் குழுவிடமும் சொல்லிவிட்டேன், இயந்திரத்திடமும் சொல்லிவிட்டேன். இனி பஸ் டிரைவரிடமும் இரைக்கடைக்காரியிடமும் சொல்லவேண்டுமா?

நன்றாக யோசித்துப் பார். நான் பத்து மாகாணங்களில் போட்டி போட்டவன். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து எந்த மரமீன், எவ்வளவு ஆழம், எத்தனை வேகம் என்று சொல்லக்கூடியவன். எனக்கு எதற்கு உன் குட்டி மீன்? இருபது வருஷமாக அதை நான் தொட்டதில்லை. தொட்டால் கை நாறும். உயிர் இரை போடுவது என்பது வயசானவர்களும் விடுமுறைக்கு வரும் வெள்ளைத்தொப்பிப் பல் டாக்டர்களும் செய்கிற காரியம். ஆளை ஏற்றிக்கொண்டு போய் ஆகாயத்தாமரை ஓரம் நிறுத்தி, தக்கை முங்கினால் 'இழுங்க சார்' என்று சொல்கிறாய். அதுதான் உன் தொழில். நான் அதைக் கேவலமாக எழுதியது உண்மைதான். திருப்பி எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன்.

பேட்டன் மேல் உனக்கு என்ன கரிசனம்? அவன் சின்ன மீனும் தோற்றுப்போன முகமுமாக மேடையில் நின்றதைப் பார்த்திருக்கவேண்டும் நீ. நான் கை கொடுத்தேன். குலுக்காமல் போனான்.

வாக்குமூலத்தை அனுப்பு. நீ அனுப்பாவிட்டால் 'சொந்த அக்காவே வாய் திறக்கவில்லை' என்று பேசுவார்கள். என் பேர், என் ஒப்பந்தம், எல்லாம் உன் ஒரு வரியில் தொங்குகிறது. அது உனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கும் என்று தெரியும். அனுபவித்துக்கொள், ஆனால் எழுது.

கார்லிஸ்


ஹாச்சமி ஏரி
ஏப்ரல் 5, 1988

கார்லிஸ்,

எழுதிவிட்டேன். இன்று காலை குழுவுக்கு அனுப்பியும் ஆயிற்று. உன் பார்வைக்கு ஒரு நகல் கீழே.

'ஹாச்சமி ஏரிப் போட்டிக் குழுவுக்கு. நான் ஓப்பல் டில்லரி. படகுத்துறை இரைக்கடையை முப்பத்தோரு வருஷமாக நடத்துகிறேன். கார்லிஸ் டில்லரி என் கூடப்பிறந்த தம்பி. அவன் என்னிடம் ஷைனர் வாங்கவில்லை. வாங்கியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

அவனுக்கு ஷைனர் கோர்க்கத் தெரியாது. சின்ன வயசிலிருந்தே வராது. கையை நனைக்காமல் உலர்ந்த கையோடு பிடிப்பான், செதில் எல்லாம் உதிர்ந்து மீன் பாதி செத்துவிடும். மீதிப் பாதியை முள்ளைச் செருகி அவனே முடித்துவிடுவான், நேராக முதுகெலும்பில். இருபது வயசில் என் படகில் வழிகாட்டியாக வேலை பார்த்தபோது ஒரு மணி நேரத்தில் ஒரு டஜன் ஷைனரைக் கொன்றான். அட்லாண்டாவிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் தக்கைக்குக் கீழே மல்லாந்து கிடந்த ஒன்றைப் பார்த்துவிட்டு, இது தூங்குதா என்று கேட்டார். உயிர் இரை அவன் கைக்குப் போனால் உயிரோடு இருக்காது.

செத்த ஷைனரைப் பன்னிரண்டு பவுண்டு பாஸ் மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த அளவுக்கு வளர்ந்த மீனுக்கு என் தம்பியைவிட அறிவு அதிகம். ஆகவே அவன் உயிர் இரை போட்டு ஜெயித்திருக்க வாய்ப்பே இல்லை. அவன் மரக்கட்டைக்கு ஓடிப்போனதே இது வராததால்தான். மரக்கட்டை ஏற்கெனவே செத்தது, அதை அவனால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக்கு, ஓப்பல் டில்லரி.'

ஒரு வரி கேட்டாய், கொஞ்சம் நீண்டுவிட்டது. உன்னைக் காப்பாற்றும், கவலைப்படாதே.

ஓப்பல்


டெக்கேட்டர்
ஏப்ரல் 20, 1988

ஓப்பல்,

உன்னை அக்கா என்று கூப்பிட வாய் வரவில்லை.

நான் விடுதலை. பட்டம் எனக்கே. பேட்டனுக்கு இரண்டு வருஷம் தடை. நீ நினைத்தபடி உன் கடிதம் என்னைக் காப்பாற்றிவிட்டது. எப்படிக் காப்பாற்றியது என்று கேள்.

குழுத்தலைவர் அதைத் தனியாகப் படிக்கவில்லை. சனிக்கிழமை விருந்தில், முன்னூறு பேர் பன்றி வறுவலும் சோள உருண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மைக்கைப் பிடித்து வரி வரியாகப் படித்தார். 'இது தூங்குதா' என்கிற இடத்துக்கு வந்ததும் அவருக்கே மேலே படிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப ஆரம்பித்தார். ஒரு ஆள் நாற்காலியோடு பின்னால் விழுந்தான். மரமீன் கம்பெனிக்காரர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தார் பார், அது மற்றவர்கள் சிரித்ததைவிட மோசம்.

இப்போது எனக்கு ஒரு பேர் வந்திருக்கிறது. பிணமீன். ஞாயிறு காலை படகை வண்டியில் ஏற்றப் போனேன். இருக்கையில் மூன்று செத்த ஷைனர், மேலே ஒரு கைக்குட்டை போர்த்தி, தலைமாட்டில் ஒரு பூ. பெட்ரோல் பங்கில் ஒருவன் கேட்கிறான்.

"என்ன பிணமீனு, அலபாமாவுக்கா? பாத்துப் போ, வழியில எதையும் கோர்த்துராத!"

பக்கத்தில் இருந்தவன் சொல்கிறான்: "அவரு தொட்டா டயரே செத்துரும்டா."

நான் என்ன பதில் சொல்வது? 'இல்லை, எனக்குக் கோர்க்கத் தெரியும்' என்றா? எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் மாட்டிக்கொள்கிறேன்.

நீ இன்னொரு கடிதம் எழுது. விளையாட்டுக்கு எழுதினேன், கோர்க்கிற விஷயமெல்லாம் சும்மா சேர்த்தது, அவன் என்னிடம் வாங்கவில்லை என்பது மட்டும்தான் நிஜம் என்று எழுது. அதையும் மைக்கில் படிக்கச் சொல்.

கார்லிஸ்


ஹாச்சமி ஏரி
ஏப்ரல் 26, 1988

கார்லிஸ்,

எழுதமாட்டேன்.

எனக்கு ஒன்று புரியவில்லை. உயிர் இரை மூளை இல்லாதவன் வேலை என்று நீதான் அச்சில் போட்டாய். போன மாசம் அதையே எனக்குத் திரும்ப எழுதினாய். மூளை இல்லாதவன் வேலை உனக்கு வராது என்று நான் சொன்னால் நீ சந்தோஷப்பட்டல்லவா இருக்கவேண்டும்? ஏன் இவ்வளவு துடிக்கிறாய்?

துடிப்பதற்குக் காரணம், அது நிஜம் என்பதால்தான். உனக்கு வராது. வந்ததே இல்லை. நேற்று பேட்டனின் மகள் கடைக்கு வந்தாள், ஒன்பது வயசு. ஒரு தரம் காட்டினேன். கையை நனைத்து, பதமாக ஏந்தி, ஒரே அழுத்தலில் கோர்த்துவிட்டாள். குட்டி மீன் முள் ஏறியதே தெரியாமல் நீந்திப் போயிற்று. நீ அந்த வயசில் கோர்த்தது எல்லாம் சவ ஊர்வலம்.

அவள் அப்பா இந்த வருஷம் போட்டிக்குப் போகமுடியாது, அடுத்த வருஷமும் முடியாது. ஊரில் அவனைப் பொறாமைக்காரன் என்கிறார்கள். பஸ்ஸில் பசங்களே கேலி செய்கிறார்கள். அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. எல்லாம் உன் செத்த மீன், உன் கைக்குட்டை, உன் பூ.

உன்னிடம் ஒரே ஒரு நல்ல குணம் இருந்திருக்கும் என்றால் அது கைத்திறமையாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. பிணமீன் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துப் பழகிக்கொள்.

ஓப்பல்


டெக்கேட்டர்
மே 1, 1988

ஓப்பல்,

போதும். நீ ரொம்பத்தான் பேசிவிட்டாய். இனி நான் பேசுகிறேன், நீ உட்கார்ந்து கேள்.

எனக்குக் கோர்க்கத் தெரியாதா? அந்த பாஸ் மீன் உன் ஷைனரில்தான் வந்தது.

சனிக்கிழமை மாலை, நீ சர்ச்சில் கெளுத்தி வறுத்துக்கொண்டிருந்தாய். உன் படகுத்துறைக்குக் கீழே கட்டிவைத்திருக்கிற கம்பிக்கூண்டிலிருந்து மூன்றை எடுத்தேன். முதலில் கையை நனைத்தேன், இரண்டு கையையும், முழங்கை வரை. கூண்டுத் தண்ணீரையே வாளியில் மொண்டு ஒரு பிடி உப்பு போட்டேன். ராத்திரி முழுக்க மூன்றும் சுறுசுறுப்பாக இருந்தன, ஒரு செதில் உதிரவில்லை. ஞாயிறு காலை ஆகாயத்தாமரை ஓரம் நிறுத்தினேன். உன் பல் டாக்டர்களுக்குச் செய்கிற மாதிரி உதட்டில் கோர்த்து வெளியில் நீந்தவிடவில்லை. வயிற்றுத் துடுப்புக்குப் பின்னால், தோலுக்கு அடியில் மட்டும், எலும்பில் படாமல். அப்படிக் கோர்த்தால்தான் படகை விட்டு ஓடும், தாமரைக்கு அடியில் நுழையும். நுழைந்தது. பத்தடி உள்ளே போயிற்று. இருபது நிமிஷம் என்கிறானா பேட்டன்? நாற்பது நிமிஷம். அவன் பாதியில்தான் பார்த்திருக்கிறான். நாற்பது நிமிஷம் அந்தக் குட்டி மீன் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு தக்கை ஆடத் தொடங்கியது. உனக்குத் தெரியும் அந்த ஆட்டம், பெரியது ஒன்று கிட்டே வந்துவிட்டது என்று குட்டி மீன் பயந்து நடுங்குகிற ஆட்டம். நான் அவசரப்படவில்லை. தக்கை பக்கவாட்டில் போயிற்று, நரம்பை விட்டுக்கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, ரீலைப் பூட்டிக் கழியைச் சுண்டி இழுத்தேன். பன்னிரண்டு பவுண்டு ஒன்பது அவுன்ஸ். முள்ளைக் கழற்றும்போது அந்த ஷைனர் அதன் வாய் ஓரத்தில் இன்னமும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது! செத்ததா? யாரிடம் சொல்கிறாய் நீ?

மிச்ச இரண்டையும் தண்ணீரில் விட்டேன். மரமீனைக் கட்டினேன். எடை மேடைக்குப் போனேன். இயந்திரத்தில் உட்கார்ந்தபோது அந்த நாற்பது நிமிஷத்தை நினைத்துக்கொண்டேன், அவ்வளவு நிம்மதி. ஊசி எங்கே ஆடும்?

ஒன்பது வயசுப் பெண்ணோடு என்னை ஒப்பிடுகிறாய். இந்த ஏரியில் அந்தக் காலையில் என்னைவிட நன்றாக ஒருத்தனும் ஷைனர் கோர்க்கவில்லை. உன்னாலும் அதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது. இப்போது சொல், எனக்கு வராதா?

கார்லிஸ்


ஹாச்சமி ஏரி
மே 7, 1988

தம்பி கார்லிஸ்,

உன் கடிதத்தைப் படகுத்துறையில் நின்றே படித்தேன். இரண்டு தரம் படித்தேன். வயிற்றுத் துடுப்புக்குப் பின்னால் கோர்த்த இடத்துக்கு வந்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மறைக்கவேண்டியதில்லை, பெருமையாக இருந்தது. அப்படிக் கோர்ப்பதற்கு உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான், உனக்குப் பதினோரு வயசு, ஒரே நாளில் பிடித்துக்கொண்டாய். என் படகில் வேலை பார்த்த வரைக்கும் உன் கையில் ஒரு ஷைனர் வீணாய்ப் போனதில்லை. அட்லாண்டாக்காரர் கேட்டது என் இன்னொரு வழிகாட்டியிடம்.

எனக்கு முதலிலிருந்தே தெரியும். திங்கட்கிழமை காலை கூண்டைத் திறந்தபோதே தெரியும். மேல் மூடியின் கம்பியை நான் இடப்பக்கம் முறுக்குவேன், நீ இடக்கைக்காரன், வலப்பக்கம் முறுக்கியிருந்தாய். ஆனால் முறுக்கிய கம்பியை எடுத்துக்கொண்டு குழுவிடம் போனால் யார் கேட்பார்கள்? நான் விற்கவில்லை என்றுதான் எழுதமுடியும், அது நிஜம், அதை வைத்தே உன்னை விட்டிருப்பார்கள். இயந்திரமும் உன் பக்கம். உன்னிடமே கேட்டுப் பார்த்தேன், கதவு திறந்திருக்கிறது என்று எழுதினேன். நீ நரம்பு சிக்கிய கதை சொன்னாய்.

அதற்கப்புறம்தான் யோசித்தேன். இவனுக்குப் பொய் சொல்ல வெட்கம் கிடையாது, திருட வெட்கம் கிடையாது, ஒரு நல்ல மனுஷனை ஊர் சிரிக்க வைக்கவும் வெட்கம் கிடையாது. இவனுக்கு எதைத்தான் பொறுக்காது? கைத்திறமை இல்லாதவன் என்று சொன்னால் பொறுக்காது. நீ தினமும் கேவலமாகப் பேசுகிற வேலையிலேயே உனக்குக் கர்வம் இருக்கிறது, கார்லிஸ். உனக்கே அது தெரியாது. ஒரு மரக்கட்டையைப் பற்றி நீ இப்படி ஒரு கடிதம் எழுதியதே இல்லை.

பேட்டன் வீட்டுக்குப் போய், விருந்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டு வந்தேன். "கொஞ்ச நாள் பொறுத்துக்கப்பா. ஏன்னு கேக்காத," என்றேன். அவன், "நீங்க சொன்னா சரிம்மா," என்றான். அவன் பெண்டாட்டி என் முகத்தில் கதவைச் சாத்தினாள். நான் அவளாக இருந்தாலும் சாத்தியிருப்பேன். நான் உன்னைப் பற்றிச் சொன்ன பொய்யால் அந்த வீட்டில் மூன்று வாரம் யாரும் நிமிர்ந்து நடக்கவில்லை. அந்தக் கணக்கு என்னுடையது, உன்னுடையது அல்ல. நேற்று அவர்கள் மூன்று பேரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன்.

உன் மேல் எனக்கு இருக்கிற வெறுப்பை முழுசாக எழுத முயற்சி செய்தேன், இந்தப் பக்கத்தில் இடம் போதவில்லை. ஆனால் நீ கேட்டதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை. இன்னொரு கடிதம் எழுது, கோர்க்கிற விஷயத்தைத் திருத்து, அதையும் மைக்கில் படிக்கச் சொல் என்றாய். எழுதினேன். இன்று காலை அனுப்பினேன். நகல் இது:

'ஹாச்சமி ஏரிப் போட்டிக் குழுவுக்கு. ஏப்ரல் ஐந்தாம் தேதி நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பொய் இருக்கிறது. என் தம்பிக்கு ஷைனர் கோர்க்கத் தெரியாது என்று சொன்னது தவறு. அவனைவிட நன்றாகக் கோர்க்கிறவனை முப்பத்தோரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. அவன் மானத்துக்கு நேர்ந்த குறைக்காக உங்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அவன் திறமைக்கு ஆதாரமாக, அவனே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட மே முதல் தேதிக் கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து இதையும் மைக்கில் படிக்கவும்.'

ஓப்பல்